மாலிக் அம்பர்: அடிமையாய் வந்து அரசாண்டவர்

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, வைத்தியர் என்ற முறையில் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றி எமது அக்காமாரும் தங்கைமாரும் வேண்டிய அளவு கேட்டாயிற்று. கிளினிக் கொப்பி இல்லாத வீடு இன்று எமது ஊரில் இல்லை. ஆகவே இம்முறை மருந்தை விட்டுவிட்டு, ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒருவரின் கதையைச் சொல்லப்போகிறோம். அவர் தமிழருமல்லர், இலங்கையருமல்லர். ஆனாலும் அவர் கதையைத் தன்னாமுனையில் படித்த நாங்கள் ஏன் அறிய வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

காப்பிலி என்ற சொல்லை நாங்கள் எல்லோரும் அறிவோம். எங்களோடு சின்ன வகுப்பு முதல் ஒருத்தி படித்தாள். நல்ல கறுப்பு. எண்ணெய் வைத்து எவ்வளவு இறுக்கிப் பின்னினாலும் அடங்காத சுருள் முடி. மழைக்காலத்தில் வாவிக் காற்றுப் பட்டால் போதும், இரட்டைப் பின்னலும் மேலே எழும்பி நிற்கும். பஸ்ஸில் வரும்போதும் திருகோணமலை வீதியில் நடந்து போகும்போதும் நாங்கள் அவளை அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டோம். யாரோ ஒருத்தி தொடங்கினாள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டோம். அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. நாளடைவில் பின்வரிசையில் போய் இருக்கத் தொடங்கினாள். எழுதும் இந்தக் கையும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. யாருடைய பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. படிப்பவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. அது அரபியில் பிறந்து, போர்த்துக்கேயர் வாயில் மாறி, அவர்களோடு கப்பலேறி எமது கரைக்கு வந்த சொல். போர்த்துக்கேயர் தங்கள் படைக்கும் வேலைகளுக்கும் ஆபிரிக்காவிலிருந்து மனிதரைக் கொண்டுவந்தார்கள். பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அப்படியே செய்தார்கள். புத்தளத்துச் சிறாம்பியடியில் அவர்களின் வழிவந்தோர் இன்றும் தங்கள் மாஞ்சாப் பாட்டைப் பாடி ஆடுகிறார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் ஆடும் கப்றிஞ்ஞாவின் பெயரிலும் அந்தச் சொல்லே ஒளிந்திருக்கிறது. அடிமைத்தனம் பிறருடைய விடயம் என்றும் நாம் தப்பிக்க முடியாது. ஒல்லாந்தர் காலத்தில் எழுதிவைக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதியே உண்டு. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல்தான்.

இனிக் கதைக்கு வருவோம்.

1548ஆம் ஆண்டளவில் எதியோப்பியாவில் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. பெயர் சாப்பு. வறுமை தாங்காமல் பெற்றோரே விற்றார்கள் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள், போரில் பிடிபட்டான் என்று வேறு சிலர். எப்படியோ, பிள்ளை ஊரை விட்டுப் போனான், பெற்றோரிடம் திரும்பவேயில்லை. பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பாத காலத்தைக் கண்ட எமது ஊருக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

செங்கடல் ஓரத்து மொக்காத் துறைமுகத்தில் அவன் 80 ஒல்லாந்துக் கில்டருக்கு விற்கப்பட்டான். இன்று கோப்பிக்குப் பெயராக நாம் சொல்கிற மொக்கா அதுதான். அங்கிருந்து பக்தாத். அங்கே மீர் காசிம் என்ற வணிகர் அவனை வாங்கினார். பையன் சூட்டிகையானவன் என்று கண்டு எழுத்தும் கணக்கும் படிப்பித்தார். அவன் இஸ்லாத்தைத் தழுவினான். அவனுக்கு அம்பர் என்று பெயரிட்டவரும் அவரே. அடிமைகளுக்கு வாசனைப் பொருளின் பெயரையோ இரத்தினத்தின் பெயரையோ வைப்பது அக்கால வழக்கம். திமிங்கிலத்திலிருந்து கிடைக்கும் அம்பரைப் பற்றி இப்போதும் பத்திரிகையில் படிக்கிறோமே, அந்த அம்பர்தான். 1311இல் மதுரை வரை படையோடு வந்த மாலிக் காபூரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். அவரும் அடிமையாய் விற்கப்பட்டவரே, காபூர் என்றால் கற்பூரம். பெற்றோர் வைத்த பெயரை எடுத்துவிட்டு, கடையில் விற்கும் பொருளின் பெயரை வைத்தார்கள்.

1570களின் தொடக்கத்தில் அம்பர் இந்தியாவின் தக்கணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். அகமதுநகரை ஆண்ட நிசாம் ஷாகிகளின் பேஷ்வா, அதாவது முதலமைச்சர், செங்கிஸ் கான் என்பவர் அவரை வாங்கினார். மங்கோலியச் செங்கிஸ் கானோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தச் செங்கிஸ் கானும் எதியோப்பியாவிலிருந்து அடிமையாக வந்து உயர்ந்தவர்தான். அவரிடம் ஆயிரம் ஹபஷிகள் இருந்தார்கள். ஹபஷி என்பது எதியோப்பியரை அரபிகள் அழைத்த பெயர்.

தக்கணத்து அடிமைமுறையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அடிமை என்றவுடன் அமெரிக்கப் பருத்தித் தோட்டமும் சவுக்கும்தான் எமது மனதில் வரும். தக்கணத்தில் ஹபஷிகளை வாங்கியது வயலில் வேலைவாங்க அல்ல, கையில் வாளைக் கொடுக்க. உள்ளூரில் சொந்தமோ பந்தமோ இல்லாதவன் எசமானுக்கு மட்டுமே விசுவாசமாக இருப்பான் என்பது அவர்களது கணக்கு. எசமான் இறந்தால் பெரும்பாலும் விடுதலை கிடைக்கும். பிறகு கலியாணம் செய்யலாம், சொந்தப் படை சேர்க்கலாம், அமைச்சராகவும் ஆகலாம். இதனால் அது இரக்கமான முறை என்று யாரும் நினைக்க வேண்டாம். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்த பிறகுதானே மற்றதெல்லாம்.

செங்கிஸ் கான் 1570களின் நடுப்பகுதியில் இறந்தார். அவருடைய மனைவி அம்பரை விடுவித்தார். அந்தப் பெண்மணியின் பெயர் கதையில் வருவதில்லை, ஒரு வரியோடு மறைந்துபோகிறார். விடுதலை பெற்ற அம்பர் கரீமா என்ற பெண்ணை மணந்தார். அடுத்த இருபது ஆண்டளவு கூலிப்படை வீரராகக் கழிந்தது. பிஜப்பூர்ச் சுல்தானிடம் சேவகம் செய்தபோதுதான் மாலிக் என்ற பட்டம் கிடைத்தது. 1595இல் அகமதுநகருக்குத் திரும்பினார். அப்போது அவருக்குக் கீழே 150 குதிரைவீரர். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்பதைத் தாண்டியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எம்மில் பலர் புலம்புகிறோம். அம்பரின் கதையில் பெரியவை எல்லாம் இனிமேல்தான் நடக்கின்றன.

அக்பரின் மொகலாயப் படை வடக்கிலிருந்து அகமதுநகரை விழுங்க வந்துகொண்டிருந்தது. 1595, 96இல் கோட்டையை நின்று காத்தவர் சாந்த் பீபி என்ற இளவரசி. பெண்கள் பாடசாலையின் மலரில் அவருக்கென்று தனிக் கட்டுரை எழுதத் தகும். அடுத்த மலருக்கு யாராவது எழுதுங்கள். 1600இல் மொகலாயர் மீண்டும் முற்றுகையிட்டபோது, எதிரியோடு பேசுகிறார் என்று சந்தேகித்துத் தன் ஆட்களே அவரைக் கொன்றார்கள். கோட்டை விழுந்தது. சிறுவனான சுல்தானைக் குவாலியர்ச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அகமதுநகர் அரசு முடிந்தது என்றுதான் மொகலாயர் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. தோற்றுச் சிதறிய படையாட்களை அம்பர் சேர்த்துக்கொண்டார். 150 பேர் மூவாயிரமாகி, பின் ஏழாயிரமானார்கள். நிசாம் ஷாகி குடும்பத்து இளைஞன் ஒருவரைத் தேடிப் பிடித்து, பராந்தாக் கோட்டையில் இரண்டாம் முர்தசா என்று முடிசூட்டி, தன் மகளையும் அவருக்குக் கட்டிக்கொடுத்தார். தாம் பேஷ்வாவானார். படைவீரர் அரசியல்வாதியாக மாறியது இந்த இடத்தில்தான். அரசர் பெயருக்கு, அதிகாரம் அம்பருக்கு. ராஜு தக்னி என்ற போட்டியாளரை ஏழெட்டு ஆண்டுகள் பொறுத்து, பின் ஒழித்தார். 1610அளவில் அவரிடம் பத்தாயிரம் ஹபஷிகளும் நாற்பதாயிரம் தக்கணத்தாரும் கொண்ட படை இருந்ததாக வில்லியம் பிஞ்ச் என்ற ஆங்கிலேய வணிகர் எழுதிவைத்தார்.

மொகலாயரிடம் இருந்ததோ யானையும் பீரங்கியும் பெருங்குதிரைப் படையும். நேருக்கு நேர் நின்றால் வெல்ல முடியாது என்பது அம்பருக்குத் தெரியும். ஆகவே மராட்டிய இலகு குதிரைப்படையைப் பயன்படுத்தினார். கணவாய்களில் பதுங்கியிருப்பது, இரவில் அடிப்பது, உணவு வண்டிகளை மறிப்பது, எதிரி திரும்புமுன் மறைவது. மொகலாயப் படை பசியால் மெலியும். கெரில்லாப் போர் என்றால் என்னவென்று எமது தலைமுறைக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வாவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து அதைப் பார்த்தவர்கள் நாங்கள். அம்பரின் படையில் இருந்த மராட்டியரில் மாலோஜி போன்ஸ்லேயும் அவர் மகன் ஷாஜியும் உண்டு. ஷாஜியின் மகன்தான் சிவாஜி. மலையில் மறைந்து அடிக்கும் போரைச் சிவாஜியோடு மட்டும் சேர்த்துப் பேசுவோர், அதற்கு ஒரு தலைமுறை முன்னர் அதைப் பெரும்படையளவில் நடத்திக்காட்டிய எதியோப்பியரை மறந்துவிடுகிறார்கள்.

மொகலாய அரியணையில் அக்பர் போய் ஜஹாங்கீர் வந்தார். அம்பரைப் போல் ஜஹாங்கீரின் நித்திரையைக் கெடுத்தவர் வேறொருவர் இருந்ததாகத் தெரியவில்லை. தம் நினைவுக் குறிப்புகளில் அம்பரின் பெயரை வசையில்லாமல் அவரால் எழுத முடிவதில்லை. முகத்தின் நிறத்தைச் சொல்லியே திட்டுகிறார். உலகம் முழுவதும் செல்வம் குவித்திருந்த ஒரு பேரரசருக்கு, பஸ்ஸில் போன எங்களுக்குத் தெரிந்த வசைதான் தெரிந்திருக்கிறது. அபுல் ஹசன் என்ற அரண்மனை ஓவியர் 1616அளவில் ஒரு படம் வரைந்தார். பூமி உருண்டை மேல் நின்று ஜஹாங்கீர் அம்பு எய்கிறார். ஈட்டி முனையில் அம்பரின் வெட்டுண்ட தலை, பக்கத்தில் ஆந்தை. அந்தப் படம் இப்போது அயர்லாந்தின் டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் வாழும் எமது பழைய மாணவிகள் போய்ப் பார்க்கலாம். பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது நடக்கவேயில்லை. அந்தத் தலை கடைசிவரை அம்பரின் கழுத்தில்தான் இருந்தது. கையில் அகப்படாதவரைக் கடதாசியில் கொன்று ஆறுதலடைந்திருக்கிறார் பேரரசர்.

இனி எமக்கு விருப்பமில்லாத ஒரு பகுதி. சொல்லாமல் விட்டால் அம்பரை முனிவராக்கிவிடுவோம். சுல்தான் முர்தசாவுக்குப் பாரசீகப் பெண்ணான ஒரு மூத்த மனைவி இருந்தாள். அவள் அம்பரின் மகளை அடிமை என்றும் அதற்கும் கீழான சொற்களாலும் ஏசினாள். மகள் தகப்பனிடம் சொன்னாள். நாட்டையே கையில் வைத்திருந்தவர், மகளுக்கு விழுந்த அந்த ஒரு சொல்லைத் தாங்கவில்லை. 1610இல் சுல்தானுக்கும் அந்த மனைவிக்கும் நஞ்சு கொடுக்கப்பட்டது. முர்தசாவின் ஐந்து வயதுப் பிள்ளை அரியணையில் ஏற்றப்பட்டது. அரசரின் அதிகாரப் போட்டியும் இதற்குப் பின்னால் இருந்தது என்போர் உண்டு, இருந்திருக்கும். என்றாலும் இது கொலை. நாம் இதற்கு வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் ஒரு சொல் ஒரு மனிதனுக்குள் எவ்வளவு ஆழம் போய்க் கிடக்கும் என்பதை இதைப் படித்தபோது யோசித்தோம். எண்பது கில்டருக்கு விற்கப்பட்டது ஐம்பது ஆண்டுக்கு முந்திய கதை. அவருக்கு அது நேற்று நடந்ததுபோல இருந்திருக்கிறது.

1617இல் பீட்டர் வான் டென் புரூக் என்ற ஒல்லாந்து வணிகர் அம்பரின் பாசறைக்குப் போய் அவரை நேரில் கண்டார். சாப்பு என்ற பெயரும் எண்பது கில்டர்க் கணக்கும் நஞ்சின் கதையும் அவர் எழுதிவைத்ததால்தான் எமக்குக் கிடைத்தன. அவர் அம்பரைக் குறிக்கப் பயன்படுத்தியதும் அந்தக் காப்பிலிச் சொல்லைத்தான். உயரமான, பலமான, கடுமையான முகமுடையவர் என்று வர்ணித்துவிட்டு, நாட்டில் ஒழுங்கு இருந்ததாகவும் பொன்னைக் கையில் எடுத்துக்கொண்டு பயமின்றிப் போய்வரலாம் என்றும் மெச்சுகிறார். குடித்து வெறித்தவன் தொண்டையில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார்கள் என்றும் எழுதுகிறார். எமது வாட்டுகளுக்குச் சனிக்கிழமை இரவுகளில் வரும் கூட்டத்தை நினைத்தால்கூட அந்தத் தண்டனையை எம்மால் ஏற்க முடியாது.

நிலவரியிலும் அவர் கைவைத்தார். வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் விவசாயியைப் பிழியும் வழக்கத்தை நிறுத்தி, நிலத்தைத் தரம்பிரித்து விளைச்சலைப் பார்த்து வரி விதிக்கச் செய்தார். போடிமாரின் வயலையும் குத்தகைக் கணக்கையும் அறிந்த மட்டக்களப்பாருக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஆனால் எமது கண்ணில் அவர் செய்த மிகப் பெரிய காரியம் போருமல்ல, வரியுமல்ல, தண்ணீர். 1610இல் கிர்கி என்ற இடத்தில் புதிய தலைநகரைக் கட்டத் தொடங்கினார். வரண்ட, பாறை நிலம். நகருக்கு வடக்கே குன்றுகளின் அடியில் நிலத்தடி நீர் இருப்பதை அறிந்து, அதைத் தோண்டிச் சேர்த்து, நிலத்துக்குக் கீழே கட்டிய வாய்க்கால்களால் சாய்வு மட்டத்தைக் கொண்டே நகருக்குக் கொண்டுவந்தார். பம்பு இல்லை, இயந்திரம் இல்லை. இடையிடையே ஆளிறங்கித் துப்புரவாக்கும் துவாரங்கள். மூடிய வாய்க்கால் என்பதால் வெயிலில் ஆவியாகாது, குப்பை விழாது. நஹர்-ஏ-அம்பரி என்று அதற்குப் பெயர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த நகரின் தாகத்தைத் தீர்த்தது. வாவிக்கரையில் உவர்க் கிணறுகளோடு வளர்ந்து, நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடந்த எங்களுக்கு இது சின்ன விடயமல்ல. வெள்ளம் வடிந்த பின் வயிற்றோட்டத்தோடு பிள்ளைகளைத் தூக்கிவரும் தாய்மாரைப் பார்க்கும் ஒரு வைத்தியருக்கு, சுத்தமான குடிநீர் கொடுத்த ஆட்சியாளர் எவரும் பாதி வைத்தியர்தான். அந்தக் கிர்கிதான் பிற்காலத்தில் ஔரங்காபாத் ஆனது, அண்மையில் சத்ரபதி சம்பாஜிநகர் என்று மீண்டும் பெயர் மாறியது. கட்டியவரின் பெயர் வாய்க்காலுக்கு மட்டும் மிஞ்சியது.

அதற்கிடையில் தோல்விகளும் வந்தன. 1616இல் மராட்டியத் தளபதிகள் சிலர் எதிரிப் பக்கம் சாய்ந்ததால் ரோஷன்கானில் தோற்றார், கிர்கி கொளுத்தப்பட்டது. 1617இல் இளவரசர் குர்ரமிடம் நிலமும் அகமதுநகர்க் கோட்டையும் கொடுத்துச் சமாதானம் செய்தார். அந்த வெற்றிக்காகத்தான் குர்ரமுக்கு ஷாஜஹான் என்ற பட்டம் கிடைத்தது. தாஜ்மஹாலைக் கட்டிய அதே ஷாஜஹான். மொகலாயர் திரும்பிப் போனதும் அம்பர் எல்லாவற்றையும் மீளப் பிடித்தார். மறுபடி வந்தார்கள், மறுபடி பணிந்தார், மறுபடி எழுந்தார்.

1624இல் மொகலாயரும் பிஜப்பூராரும் சேர்ந்து வந்தார்கள். அம்பருக்கு அப்போது எழுபத்தாறு வயதளவில். அந்த வயதில் எமது கிளினிக்குக்கு வருகிறவர்கள் பஸ் படியேறவே முழங்காலைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் பின்வாங்குவதுபோல் போய் அகமதுநகருக்கு அண்மையில் பாட்வடி ஏரிக்கரையில் நின்றார். அணைக்கட்டை உடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். மழையும் சேர்ந்தது. எதிரிப் பாசறைகள் சேற்றில் புதைந்தன, உணவு வண்டி வரவில்லை, இரவுதோறும் தாக்குதல். பசி தாங்காமல் பலர் அம்பர் பக்கம் ஓடிவந்தார்கள். கடைசியில் இரு படைகளையும் அவர் முறியடித்தார். பிஜப்பூர்த் தளபதி அங்கேயே விழுந்தார். வெற்றியின் வேகத்தில் பிஜப்பூருக்கே போய், இசையில் தோய்ந்த சுல்தான் இப்ராகிம் ஆசையாகக் கட்டிய நவரஸ்பூரை அழித்தார். தமக்கு மாலிக் பட்டம் தந்த நாட்டை. இதுவும் எமக்குப் பிடிக்கவில்லை.

வாழ்வின் கடைசியில் ஒரு வேடிக்கை நடந்தது. தகப்பனோடு முரண்பட்டுக் கிளர்ச்சி செய்து ஓடிவந்த ஷாஜஹான், தங்க இடமின்றி அம்பரிடமே வந்து சேர்ந்தார். முன்னொரு காலம் தம்மைப் பணியவைத்தவருக்கு அந்தக் கிழவர் இடம் கொடுத்தார்.

1626 மே மாதத்தில் மாலிக் அம்பர் இறந்தார். வயது எழுபத்தெட்டளவில். போரில் அல்ல. அவர் இருக்கும்வரை மொகலாயரால் அகமதுநகரை அடக்க முடியவில்லை. அவருடைய மகன் பத்தே கான் 1633இல் தௌலதாபாத்தை ஒப்படைத்தார், 1636இல் அந்த அரசே இல்லாமற் போனது. அவர் இறந்து இரண்டு ஆண்டுகளில், 1628இல், போர்த்துக்கேயர் எமது புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. மொக்காவில் பிள்ளைகளை விற்ற அதே கடல்தான் எமது வாவி முகத்துவாரத்துக்கும் வருகிறது.

குல்தாபாத்தில் குவிமாடத்தோடு அவருடைய கல்லறை இருக்கிறது. சற்றுத் தள்ளி, அதைவிடச் சிறியதாக, கரீமாவின் கல்லறை.

எங்களோடு படித்த அவள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். எந்த நாடு என்று சொல்லவில்லை. முடியைச் சுருளாகவே விட்டிருக்கிறாள் என்று படம் பார்த்தவர்கள் சொன்னார்கள். சங்கத்தின் மூலம் முகவரியைத் தேடி எடுத்திருக்கிறோம். இந்த மலரின் முதற் பிரதிகளில் ஒன்று அவளுக்குத் தபாலில் போகிறது. உள்ளே ஒரு கடிதமும் வைத்திருக்கிறோம். அன்று பஸ்ஸில் இருந்த ஆறு பேரும் கையெழுத்திட்டிருக்கிறோம்.